திருத்திய வால்வுக்கும் காவல் வேண்டும்

இருதயத்தில் பிறவிக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாவது ஒரு காலத்தில் அரிதாகவே இருந்தது. சத்திரசிகிச்சை முன்னேறியதால் அந்நிலை மாறிவிட்டது. கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடங்களில் சிறு வயதில் சிகிச்சை பெற்ற பிள்ளைகள் இன்று வயல் செய்பவர்களாகவும் தாய் தந்தையராகவும் எம் மத்தியில் வாழ்கின்றனர். மேலை நாடுகள் பலவற்றில் பிறவி இருதயக் குறைபாடுள்ள சிறுவர்களைவிட, அக்குறைபாட்டோடு வாழும் வளர்ந்தவர்களின் தொகையே இப்போது அதிகம். ஆகவே, வளர்ந்தவர்களின் பிறவி இருதய நோய் என்பது மருத்துவத்தில் தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது.

இவர்களுள் ஒரு சாராரைப் பற்றியே இங்கு பேசுகின்றோம். இருதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் இரத்தம் வெளியேறும் வாசலிலுள்ள வால்வு பழுதுபட்டு, அதைத் திருத்திக்கொண்டவர்களும் திருத்தவேண்டிய நிலையில் உள்ளவர்களுமே அவர்கள். நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வால்வைத் திருத்திய பின்னர், உடம்பு எவ்வளவு சுகமாக இருந்தாலும், வைத்தியர் குறித்த தவணையில் எக்கோ பரிசோதனை செய்ய வேண்டும். அந்த அறிக்கைகளைக் காணி உறுதியைப் போலப் பாதுகாக்க வேண்டும்.

வாசலில் மூன்று இதழ்கள்

எமது இருதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை சுருங்கி, ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தத்தைத் தொகுதிப் பெருநாடிக்குள் தள்ளுகின்றது. தள்ளிய இரத்தம் திரும்பி வராமல் தடுப்பது வாசலிலுள்ள அரைமதி வால்வு ஆகும். பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளையைக் கேட்டால் படம் வரைந்து காட்டும்.

நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. கிணற்றுக்குள் இறக்கும் குழாயின் நுனியில் புட்வால்வு இருக்கின்றது. அது தண்ணீரை மேலே விடும், கீழே திரும்ப விடாது. அது ஒழுகத் தொடங்கினால் ஏறிய தண்ணீர் மீண்டும் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிடும். அது அடைத்துக்கொண்டால் இயந்திரம் முக்கி முனகும், வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. இருதய வால்வுக்கும் வரக்கூடிய பழுது இவ்விரண்டுதான். ஒன்று கசிவு, மற்றது ஒடுக்கம்.

இந்த வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள் ஒட்டி ஒன்றாகி, மொத்தம் இரண்டாகவே அமைந்துவிடும். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இவ்வாறு இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். பிறவி இருதயக் குறைபாடுகளுள் மிகப் பரவலானது இதுவே. இவர்களுட் பலர் இளமையில் எந்தக் குறையும் உணராமல் வாழ்வர். ஆனால் ஆண்டுகள் செல்ல இதழ்கள் தடித்துச் சுண்ணாம்பு படிந்து ஒடுங்கலாம். அல்லது ஒரு இதழ் தளர்ந்து உள்ளே தொங்கிக் கசியலாம். பெருநாடியின் அடிப்பகுதி விரிவடைவதும் உண்டு.

வேறு வழிகளாலும் வால்வு பழுதுபடும். இதயவறைகளுக்கு இடையேயான சுவரில், வால்வுக்குச் சற்றுக் கீழே துவாரம் இருந்தால், அதன் வழியே பாயும் இரத்தம் அருகிலுள்ள இதழை இழுத்துத் தளர்த்திவிடும். இவ்வகைத் துவாரம் ஆசிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படுகின்றது. குழந்தைப் பருவத்தில் ஒடுங்கிய வால்வைப் பலூன் மூலம் விரித்த சிலருக்கு, வளர்ந்த பின்னர் அதே வால்வு கசியத் தொடங்குவதும் உண்டு.

மாற்றுவதா, திருத்துவதா?

பழுதான வால்வை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்துவது நெடுங்காலமாக நடைபெற்றுவரும் முறை. உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அதில் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் வார்பரின் குளிசை எடுக்க வேண்டும். அக்குளிசையின் அளவு கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி. ஆகவே அடிக்கடி இரத்தம் சோதித்து அளவை ஒழுங்குபடுத்த வேண்டும். விலங்கின் இழையத்தால் செய்த வால்வுக்கு அக்குளிசை நெடுகத் தேவைப்படாது. ஆனால் அது தேய்ந்துபோகும். இளவயதினரில் விரைவாகவே தேயும்.

பாதை பூட்டப்பட்டு, மருந்து வராமல், இரத்தம் சோதிக்க இடமில்லாமல் இருந்த காலங்களை வன்னி மக்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அவ்வாறான வாழ்வில் வார்பரினை நம்பி இருப்பது எத்துணை ஆபத்து என்பதும் சொல்லாமலே விளங்கும். வார்பரின் கருவிலுள்ள குழந்தையையும் பாதிக்கக்கூடியது என்பதால் இளம் பெண்களுக்கு இது மேலும் சிக்கலாகின்றது.

இதனாலேயே, முடிந்தவரையில் சொந்த வால்வையே திருத்திக் காப்பாற்றும் முறையை வைத்தியர்கள் வளர்த்தெடுத்தனர். கனடாவின் ரொறன்ரோ நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் ரைறோன் டேவிட், இங்கிலாந்தில் மக்டி யாக்கூப், ஜேர்மனியில் ஹான்ஸ்-யோவாகிம் ஷேபர்ஸ் முதலியோர் இதில் முன்னோடிகள். விரிந்துபோன பெருநாடி அடியை மாற்றி, இதழ்களை அப்படியே தக்கவைக்கும் சிகிச்சையை டேவிட் 1988ஆம் ஆண்டு முதலில் செய்தார். தளர்ந்த இதழைச் சுருக்கித் தைப்பது, இருதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டுப்போடுவது, வால்வின் அடிவளையத்தை இறுக்குவது என்பன ஏனைய வழிகள். இவ்வாறு திருத்தியவர்களுக்கு, வேறு காரணம் இல்லாவிட்டால், வார்பரின் ஆயுள் முழுவதும் தேவைப்படுவதில்லை.

ஆயினும் எல்லாத் திருத்தமும் ஆயுளுக்கும் நிற்பதில்லை. தையல் விடலாம், ஒட்டிய துண்டு சுருங்கலாம், இதழ் மீண்டும் தளரலாம். வால்வு மாற்றியவர் குளிசையால் கட்டுண்டவர் என்றால், வால்வு திருத்தியவர் கண்காணிப்பால் கட்டுண்டவர். அந்தக் கண்காணிப்பின் கண்தான் எக்கோ.

கப்பல் தளத்திலிருந்து வந்த கருவி

எக்கோ என்றால் எதிரொலி. காதுக்குக் கேட்காத நுண்ணிய ஒலியை நெஞ்சின் மீது வைத்த கருவி உள்ளே அனுப்புகின்றது. அது இருதயத்தின் சுவர்களிலும் இதழ்களிலும் பட்டுத் திரும்புகின்றது. திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு இயந்திரம் படம் வரைகின்றது. இதில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, நோவு இல்லை. கர்ப்பிணித் தாய்மாரும் பயமின்றிச் செய்துகொள்ளலாம்.

இதைத் தொடக்கியவர்கள் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரைச் சேர்ந்த இருதய வைத்தியர் இங்கே எட்லரும் பௌதிகவியலாளர் ஹெல்முத் ஹேர்ட்சும் ஆவர். அருகிலுள்ள மால்மோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில், உலோகத் தகட்டுக்குள் வெடிப்பு இருக்கின்றதா என்று பார்க்க ஒரு ஒலிக்கருவி பயன்பட்டு வந்தது. அதை இரவல் வாங்கி, 1953ஆம் ஆண்டு ஒக்ரோபரில் உயிருள்ள மனிதரின் இருதய அசைவை முதன்முதலில் பதிவு செய்தனர்.

1970களின் பிற்பகுதியில் நோர்வேயில் லிவ் ஹாட்லே என்ற பெண் வைத்தியரும் அவருடன் உழைத்தவர்களும் மேலுமொரு படி முன்னே சென்றனர். வேகமாக வரும் பஸ்ஸின் கோன் சத்தம் எம்மைக் கடந்ததும் தொனி மாறுவதை நாம் அறிவோம். அவ்வாறே ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் தொனி மாற்றத்தைக் கொண்டு அதன் வேகத்தை அளக்கலாம். வேகத்தைக் கொண்டு வாசலின் ஒடுக்கத்தையும் கணிக்கலாம். ஒடுங்கிய வால்வினூடாக இரத்தம் செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் பீறிட்டால், 4ஐ 4ஆல் பெருக்கி மீண்டும் 4ஆல் பெருக்க வரும் 64 என்பதே வால்வின் இருபுறத்து அமுக்க வேறுபாடு. நெஞ்சைத் திறந்தோ குழாய் செலுத்தியோ அளக்க வேண்டியிருந்ததை, படுக்கையில் இருந்தபடியே அளக்க முடிந்தது.

சத்திரசிகிச்சை மேசையில்

திருத்தும் சிகிச்சையில் எக்கோவின் பணி மூன்று கட்டங்களில் அமைகின்றது.

முதலாவது, சிகிச்சைக்கு முன்னர். இதழ்கள் எத்தனை, அவை மெல்லியனவா, சுண்ணாம்பு படிந்து விறைத்துவிட்டனவா, கசிவு நடுவிலா ஓரத்திலா என்பவற்றைப் பார்த்தே வால்வு திருத்தத்தக்கதா, மாற்ற வேண்டியதா என்பதைத் தீர்மானிக்கின்றனர். விறைத்துக் கல்லாகிப்போன இதழைத் திருத்த இயலாது. எனவே காலந்தாழ்த்தி வருபவர், திருத்தும் வாய்ப்பையே இழந்துவிடவும் கூடும்.

இரண்டாவது, சிகிச்சை நடக்கும்போது. நோயாளர் மயக்கத்தில் இருக்கையில், சிறிய எக்கோ கருவியொன்றை உணவுக்குழாய்க்குள் இறக்குவர். உணவுக்குழாய் இருதயத்தின் பின்புறமாகச் செல்வதால் அங்கிருந்து வால்வு மிகத் தெளிவாகத் தெரியும். வால்வைத் தைத்து இருதயத்தை மீண்டும் துடிக்கவிட்டதும், நெஞ்சை மூடுமுன்னரே கசிகின்றதா என்று பார்த்துவிடுவர். சிறு கசிவைவிடக் கூடுதலாக இருந்தால், இருதயத்தை மறுபடி நிறுத்தித் திருத்துவர், அல்லது வால்வை மாற்றுவர். வால்வு திருந்தியதா என்பதை அந்த மேசையிலேயே சொல்லுவது இந்தப் படம்தான்.

இங்கே கசிவை மாத்திரம் அவர்கள் பார்ப்பதில்லை. இதழ்கள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் அளக்கின்றனர். கிடுகு வேயும்போது ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறி நிற்காவிட்டால், முதல் மழைக்கு ஒழுகாவிட்டாலும் அடுத்த மழைக்கு ஒழுகும். இதழ்களும் மூடும்போது ஒன்றோடொன்று 4 மில்லிமீற்றருக்குக் குறையாமல் படிந்து நிற்க வேண்டும். அவை சந்திக்கும் இடம் வால்வின் அடியிலிருந்து 9 மில்லிமீற்றர் அளவு உயரத்தில் இருக்க வேண்டும். அதிலும் நன்றாகத் தாழ்ந்திருந்தால், அன்று கசியாவிட்டாலும் பின்னாளில் தளரும் வாய்ப்பு அதிகம்.

ஆண்டுதோறும் எதைப் பார்க்கின்றனர்?

மூன்றாவது கட்டம், வீடு திரும்பிய பின்னர். இதுதான் எம் கையில் உள்ளது. சிகிச்சை முடிந்த முதல் ஓரிரு மாதங்களுக்குள் எடுக்கும் எக்கோ அடிப்படை அளவாக இருக்கும். அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு ஒரு தடவையும், ஏதும் மாற்றம் கண்டால் இன்னும் நெருக்கமாகவும் எடுப்பர். ஒவ்வொரு தடவையும் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுகின்றனர்.

1. வால்வு கசிகின்றதா, முன்னையிலும் கூடியுள்ளதா?

2. வால்வு ஒடுங்குகின்றதா? இரத்தத்தின் வேகம் செக்கனுக்கு 4 மீற்றரைத் தொட்டால் அது கடும் ஒடுக்கம் எனக் கொள்ளப்படும்.

3. இடது இதயவறை பெருக்கின்றதா, அதன் தள்ளும் வலு குறைகின்றதா? நிறைந்த இரத்தத்தில் பாதிக்கு மேல், சாதாரணமாக நூற்றுக்கு 55 வீதமளவிலோ அதற்குக் கூடவோ, ஒரு துடிப்பில் வெளியே செல்ல வேண்டும்.

4. பெருநாடியின் அடிப்பகுதி விரிகின்றதா?

இவற்றுள் மூன்றாவது கேள்வியே, சுகமாக இருப்பவரும் ஏன் வரவேண்டும் என்பதற்கு விடையாகும்.

சுகம் என்ற ஏமாற்று

வால்வு மெதுவாகக் கசியும்போது, திரும்பி வந்த இரத்தத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் இடது இதயவறை பெரிதாகி ஈடுகொடுக்கின்றது. இவ்வாறு பல ஆண்டுகள் ஈடுகொடுக்கும். அக்காலத்தில் அந்த மனிதர் வரம்பு கட்டுவார், சூடு அடிப்பார், நெல் மூட்டை தூக்குவார். தமக்கு ஒன்றுமில்லை என்றே நம்புவார். ஆனால் உள்ளே தசை இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அது நைந்துபோகும். இளைப்பு வந்து வைத்தியசாலைக்குப் போகும்போது, வால்வைச் சரிசெய்தாலும் தசை பழைய நிலைக்குத் திரும்பாமற் போகக்கூடும்.

எனவேதான் வைத்தியர்கள் நோயாளரின் சொல்லை மட்டும் நம்பாமல் அளவுகோலை நம்புகின்றனர். கடுமையாகக் கசியும் வால்வுள்ள ஒருவரின் இதயவறை, சுருங்கி முடிந்த நிலையிலும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் அகன்று நின்றால், அல்லது தள்ளும் வலு நூற்றுக்கு 50 வீதத்துக்குக் கீழ் இறங்கினால், இளைப்பு இல்லாவிட்டாலும் மறு சிகிச்சை பற்றி யோசிக்கின்றனர். உடல் சிறியவர்களுக்கு அந்த 5 சென்ரிமீற்றர் எல்லை இன்னும் குறைவு. இந்த எல்லைக்குப் போகுமுன் பிடிப்பதே ஆண்டுதோறும் எக்கோ எடுப்பதன் நோக்கம்.

தனியொரு அளவைக் கொண்டு இதைச் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு 4 சென்ரிமீற்றர், இவ்வாண்டு 4.6 சென்ரிமீற்றர் என்று ஒப்பிட்டால்தான் போக்குத் தெரியும். பழைய அறிக்கை இல்லாதவருக்கு எல்லாம் புதிதாகவே தொடங்க வேண்டும். இங்குதான் எமது மக்களின் நிலை ஏனையோரிலிருந்து வேறுபடுகின்றது.

இடம்பெயர்ந்த கொப்பிகள்

1996இலும் 2008இலும் கிளிநொச்சியின் மக்கள் மட்டுமன்றி, கிளிநொச்சி வைத்தியசாலையே இடம்பெயர்ந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை பூட்டப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் தரைவழி இல்லாமற் போனது. 2009இல் எல்லாவற்றையும் விட்டு வந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களில், உடுத்த உடையோடு வந்தவர்களே அநேகர். அம்முகாம் 2012இல் மூடப்பட்டது. சொந்தக் காணிக்குத் திரும்பாமல் உறவினர் வீட்டிலும் மாற்றுக் காணியிலும் வாழ்ந்த குடும்பங்கள் அதன்பின்னரும் பல. இந்த அலைச்சலில் கிளினிக் கொப்பியும் எக்கோ அறிக்கையும் எங்கே போயின என்று எவரைக் கேட்பது?

கொப்பியை இழந்தவர்கள், இனிப் போனால் பேச்சு விழும் என்று எண்ணிக் கிளினிக்குக்குப் போகாமலே விட்டுவிடுவதும் உண்டு. அவ்வாறு விடவேண்டாம். அறிக்கை இல்லாவிட்டாலும் நெஞ்சிலுள்ள தழும்பு இருக்கின்றது. இன்று எடுக்கும் எக்கோவே புதிய அடிப்படை அளவாகும். பாதை திறந்திருக்கின்றது. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனைக்குப் பணம் இல்லை. போக்குவரத்துச் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தளர்ந்துபோன இருதயத்துக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலையோடு பார்த்தால் அது சிறிது.

நாம் செய்யக்கூடியவை

சிறு வயதில் இருதயச் சத்திரசிகிச்சை செய்தவர்கள், அல்லது பலூன் சிகிச்சை பெற்றவர்கள், கடைசியாக எக்கோ எடுத்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தால், அருகிலுள்ள வைத்தியசாலையில் கூறி, மாவட்ட வைத்தியசாலையின் வைத்திய நிபுணரிடமோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் இருதயப் பிரிவுக்கோ கடிதம் பெறுங்கள். சிறுவர் வைத்தியசாலையில் தவணை முடிந்துவிட்டால் சிகிச்சை முடிந்துவிட்டது என்று கருத வேண்டாம். வளர்ந்தோர் கிளினிக்குக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள்.

முறை வரச் சில மாதங்கள் செல்லக்கூடும். ஆகையால் தவணையைக் காலபோக அறுவடை முடிந்த கையோடு வைத்துத் தரும்படி முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். வேலை நெருக்கத்தில் தவறவிடுவது குறையும்.

எக்கோ எடுக்கும் நாளில் வழமையான குளிசைகளை நிறுத்த வேண்டாம். இரத்த அமுக்கம் கூடியிருந்தால் கசிவும் கூடியதுபோலக் காட்டும். அன்றைய இரத்த அமுக்கத்தை அறிக்கையில் எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிடும்போது அது உதவும்.

அறிக்கையின் பிரதிகள் இரண்டு எடுத்து, ஒன்றைக் காணி உறுதியுடன் பொலித்தீன் உறையில் வையுங்கள். மற்றதை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பிள்ளைகள் இருவரின் தொலைபேசிகளுக்கு அனுப்பி வைப்பதும் நன்று. சத்திரசிகிச்சையின் பெயர், ஆண்டு, வைத்தியசாலை ஆகிய மூன்றையும் வீட்டிலுள்ள அனைவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் முன்னதாகவே எக்கோ செய்து வைத்தியருடன் பேச வேண்டும். வார்பரின் எடுப்பவர்கள் தாமாகவே நிறுத்தக்கூடாது. கர்ப்பமான பின்னர் குடும்பநல மாதுவிடம் இதை முதல் நாளிலேயே சொல்ல வேண்டும்.

இரண்டிதழ் வால்வு குடும்பத்தில் தொடரக்கூடியது. அவ்வாறானவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு அது இருக்கலாம். அவர்களும் ஒரு தடவையாவது எக்கோ செய்துகொள்வது நல்லது.

பல்லைச் சுத்தமாக வைத்திருங்கள். பல் பிடுங்கப் போகும்போது வால்வு பற்றிச் சொல்லுங்கள். பழுதுபட்ட வால்விலும் திருத்திய வால்விலும் கிருமி எளிதில் ஒட்டிக்கொள்ளும். காரணம் தெரியாத காய்ச்சல் சில நாட்கள் நீடித்தால், கடையில் மருந்து வாங்கிக் குடிக்காமல் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தம் சோதியுங்கள்.

பாரம் தூக்கும் வேலை எவ்வளவு செய்யலாம் என்று ஒவ்வொரு தவணையிலும் கேளுங்கள். வால்வும் பெருநாடியும் இருக்கும் நிலையைப் பொறுத்தே விடை மாறும். வேலையின்போது புதிதாக இளைப்பு, நெஞ்சுநோ, மயக்கம், இரவில் தலையணை உயர்த்தினால்தான் மூச்சு விடமுடிதல், கால் வீக்கம் என்பன கண்டால் தவணை வரும்வரை காத்திராமல் உடனே செல்லுங்கள்.

குளக்கட்டு உடைந்த பின்னர் ஊர் கூடிக் கட்டுவதைவிட, மாரிக்கு முன்னர் ஒருவர் நடந்து பார்த்து ஒழுக்குக் கண்ட இடத்தில் மண் போடுவது இலகு. இதை எமது விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குளத்துக்குச் செய்யும் இதே காரியத்தை, பெரும் செலவோடும் வேதனையோடும் திருத்திய ஒரு இருதயத்துக்கும் செய்வோம். உங்கள் அயலில் நெஞ்சில் தழும்போடு ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், கடைசியாக எப்போது எக்கோ எடுத்தது என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.